சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராசிங்: என் ரிவியூ, 5க்கு 2

தினமும் ரெண்டு தடவை யூஸ் பண்ற ஐட்டம், இதுக்கு ஒரு ரிவியூ கூட யாரும் போடலயேன்னு நானே போடறேன். வெறும் பெயின்ட் கோடு மட்டும் இருக்கற மாடலுக்கு ரெண்டு ஸ்டார்தான்.

கணக்கு போட்டு பாருங்க, 7 மீட்டர் ரோட்டை நொடிக்கு 1.2 மீட்டர்ங்கற சாதாரண நடையில தாண்ட கிட்டத்தட்ட 6 செகண்டு ஆகும், அந்த நேரத்துல 40 கிமீ ஸ்பீடுல வர்ற வண்டி 65 மீட்டர் வந்துடும், அதாவது அதைவிட பக்கத்துல வண்டி இருக்கும்போது நாம கால வச்சா அப்புறம் நம்ம உசுரு டிரைவரோட பிரேக்குலதான் இருக்கு. மெதுவா நடக்கற பெரியவங்களுக்கு இன்னும் மோசம்.

கோடு ஓரமா ஒதுங்கி நின்னா ஒருத்தனும் நிறுத்த மாட்டான். முகத்தைப் பாத்து, கையைக் காட்டி, ஒரு கால கீழ வச்சாத்தான் "சரி இவரு எறங்கிட்டாரு"ன்னு ஸ்லோ பண்றாங்க. நாலு பேரா சேர்ந்து போனா தனி மரியாதை.

பெரிய டேஞ்சர் நிறுத்தாத வண்டி இல்ல, நிறுத்துற வண்டி! போன மாசம் ஒரு பஸ் பெருந்தன்மையா நின்னுச்சு, நானும் தலையாட்டிட்டு நடந்தேன், பஸ்ஸுக்கு அந்தப் பக்கத்து லேன்ல ஒரு பைக் சர்ர்ருன்னு போச்சு, அவனுக்கு நான் தெரியல எனக்கு அவன் தெரியல. இப்பல்லாம் நின்ன வண்டியோட ஓரத்துல நின்னு எட்டிப் பாத்துட்டுதான் அடுத்த அடி. நிறுத்தக் கோட்டை கிராசிங்குக்கு கொஞ்சம் முன்னாடியே போட்டா இந்த மறைப்பு குறையும், ஆனா அதை மதிக்கணுமே.

1951ல இங்கிலாந்துல இந்த வரிக்கோடு வந்ததே டிரைவர் கண்ணுக்கு தூரத்துலயே தெரியட்டும்னுதான். தெரியுது, யாரு இல்லன்னா, தெரிஞ்சாலும் நிக்கல, அவ்ளோதான்.

அதே கிராசிங்கை 10 சென்டிமீட்டர் அளவுக்கு மேடா தூக்கிக் கட்டின மாடல் இருக்கு பாருங்க, அதுக்கு நாலு ஸ்டார். எனக்காக இல்லேன்னாலும் வண்டி அடி வாங்கிடுமேன்னு ஸ்பீடக் குறைக்கறாங்க. நடுவுல நின்னு மூச்சு வாங்க ஒரு திட்டும் இருந்தா ஒரு சமயத்துல ஒரு பக்கம் பாத்தா போதும், பாதி டென்ஷன் போயிடும். பட்டன் அமுக்குனா மஞ்சள் லைட் மின்னுற மாடலும் பரவால்ல, ஆனா அமுக்கினதும் வண்டி நின்னுடும்னு நம்பி எறங்கிடாதீங்க.

இன்னொன்னு, மழையில அந்த வெள்ளை பெயின்ட் வழுக்கும். கோட்டு மேல கால வைக்காம நடுவுல இருக்கற தார்ல மிதிச்சு போங்க.