பிக்கப்புக்கு எச்டி டயரா, ஏடி டயரா?

பினாங்கில் ஹைலக்ஸ் மாதிரி வண்டி வைத்திருந்தால் டயர் கடையில் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

எச்டி (ஹைவே டெரெய்ன்) தார்ச் சாலைக்கென்றே செய்தது. சத்தம் குறைவு, எண்ணெயும் குறைவாகக் குடிக்கும், பினாங்குப் பாலத்தில் சாயங்கால மழை கொட்டும்போது அதன் நீளவாக்குக் காடிகள் (பள்ளக் கோடுகள்) தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ஏடி (ஆல் டெரெய்ன், எல்லா நிலத்துக்கும் ஏற்றது) டயரின் பெரிய ரப்பர் கட்டைகள் சேற்றைக் கவ்வும், கூர்ங்கல்லைத் தாங்கும், ஆனால் நனைந்த தாரில் பிரேக் பிடித்தால் பெரும்பாலும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். பாலிக் பூலாவில் டுரியான் தோட்டம் இருக்கிறதா? சரி, ஏடி போடுங்கள். மண் ஏற்றத்தில் எச்டி சும்மா சுழலும்.

அப்புறம் அந்தப் பனிச் சின்னம். சில ஏடி டயர்களின் பக்கவாட்டில் மலைக்குள் பனித்துகள் படம் இருக்கும். ‘பனியிலேயே வழுக்காது, மழை எம்மாத்திரம்’ என்று ஒரு கடையில் என்னிடமே அளந்தார்கள். அது பனியில் நடத்திய சோதனையில் தேறியதற்கான முத்திரை, நம் மழையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. நிஜமான பனிக்கால டயரோ 7 டிகிரிக்குக் கீழேயும் இறுகாத மென்மையான ரப்பர், நம் 32 டிகிரி வெயிலில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

எதை வாங்கினாலும் பக்கவாட்டு நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 2324 என்றால் 2024-இன் 23ஆவது வாரம் தயாரித்தது. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் காடி ஆழம் போதும், நான் 3-க்கு வந்ததுமே மாற்றிவிடுவேன். என் வண்டிக்கு எச்டிதான்.