நார்த்வெஸ்ட் ஆங்கிளுக்கு எந்த வழி: மனிட்டோபா சாலையா, ஏரியா?

அமெரிக்க மாநிலமான மினசோட்டாவின் லேக் ஆஃப் த வுட்ஸ் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி மொத்தமே 3,763 பேர். அதன் ஒரு துண்டான நார்த்வெஸ்ட் ஆங்கிள், அதே பெயருள்ள ஏரிக்கு அக்கரையில் கனடாவின் மனிட்டோபாவோடு ஒட்டிக் கிடக்கிறது. 1783 பாரிஸ் ஒப்பந்தத்தில் தவறான வரைபடத்தை நம்பி எல்லை வகுத்ததால் வந்த வினை இது. அங்கே போகக் கனடா வழியாகச் சாலை, இல்லையென்றால் ஏரி.

சாலைவழி மினசோட்டாவின் வாரோட் ஊரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். கடைசிப் பகுதி சரளைச் சாலை. டேங்கை வாரோடிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். போகும்போது ஸ்ப்ரேக் சாவடியில் கனடா சோதனை. ஆங்கிளுக்குள் நுழைந்ததும் ஜிம்ஸ் கார்னர் என்ற முச்சந்தியில் ஒரு சின்னக் கூண்டு இருக்கும். அதிகாரி யாரும் இருக்கமாட்டார். அங்குள்ள கருவி வழியாக அமெரிக்க அதிகாரியிடம் நீங்களே தகவல் சொல்ல வேண்டும். திரும்பும்போது அதே இடத்தில் கனடாவுக்குத் தகவல், பிறகு வாரோடில் அமெரிக்கச் சோதனை. ஆக, போய்வர நான்கு முறை. பலர் கூண்டைக் கவனிக்காமல் கடந்துபோய்ச் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குக் கனடா விசா கட்டாயம். கிரீன் கார்டு இருந்தால் அதுவும் பாஸ்போர்ட்டும் போதும். கைத்துப்பாக்கி, தூண்டிலுக்கான உயிர்மீன், விறகு எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றவரைக் கனடா திருப்பி அனுப்பலாம்.

படகில் போனால் இந்தத் தொல்லை இல்லை, அமெரிக்க நீர்ப்பரப்பிலேயே போய்விடலாம். ஆனால் ஏரியின் தென்பகுதி அகன்றது, ஆழம் குறைவு. காற்று வலுத்தால் அலை நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். சின்னப் படகு தாங்காது. காற்று அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் போகலாம். கொரோனாவால் எல்லை மூடிக்கிடந்த 2021 குளிர்காலத்தில், வாரோடிலிருந்து சுமார் 30 மைல் நீளப் பனிச்சாலை போட்டுத்தான் ஆங்கிளின் விடுதிக்காரர்கள் விருந்தினர்களை வரவழைத்தார்கள். கார் போகத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 9 முதல் 10 அங்குலம் வேண்டும், பிக்கப் டிரக்குக்கு 13. வெண்மையாகக் கலங்கிய பனி என்றால் இதில் இரு மடங்கு. வண்டியின் பாரம் பனியை லேசாக அழுத்த, அடியில் நீரலை ஓடுகிறது. வேகமாகப் போனால் அந்த அலை கரையோரம் மோதித் திரும்பிப் பனியை உடைத்துவிடும். அதனால் கரையை நெருங்கும்போது மெதுவாக ஓட்டுங்கள். சீட் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலை இறக்கிவிடுங்கள். பனி முட்டி மேலெழும் பிளவுகள் இரவோடு இரவாக இடம் மாறும். நேற்று போன தடம் இன்று ஆகாது.

ஆவணம் சரியாக இருந்தால் சாலைதான் என் தேர்வு. அங்கேயே குடியிருப்பவர்களுக்கு ஆண்டு முழுதும் கைகொடுப்பது அது ஒன்றுதான். கனடாவுக்குள் நுழைய முடியாதவர்கள் ஏரி உறையத் தொடங்கும் நவம்பர் கடைசியிலும், உருகும் ஏப்ரலிலும் பயணத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த வாரங்களில் படகும் போகாது, பனியும் வண்டியைத் தாங்காது.