வாய்ப்புண் பசை: தேய்க்காதீர்கள், ஒற்றி வையுங்கள்

சாப்பிடும்போது கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டேன், புண்ணாகிவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்தது ட்ரையாம்சினலோன் 0.1% வாய்ப்பசை. முதல் தடவை விரலால் நன்றாகத் தேய்த்தேன், மணல் மாதிரி உதிர்ந்தது. தப்பு என்னுடையதுதான். சிறு துளியை அழுத்தி வைத்தால் போதும், வழுவழுப்பான படலமாகப் பிடித்துக்கொள்கிறது.

ஈறும் மேலண்ணமும் கெரட்டின் என்ற கடினமான புரதம் போர்த்தியவை, மெல்லும் உராய்வைத் தாங்கும். கன்னத்தின் உட்புறம் அப்படியில்லை. பேச்சுக்கும் மெல்லுதலுக்கும் நெகிழ்ந்து நீளும், எச்சிலில் ஊறிய மென்சவ்வு. அங்கே மருந்து தங்குவதே பெரும்பாடு. பகலில் வைத்தது சாப்பாட்டோடு போய்விட்டது. படுக்கும்போது வைத்ததுதான் உருப்படியாக வேலை செய்தது. நான்காம் நாள் காந்தல் அடங்கியது. ஸ்டீராய்டு என்பதால் வாயில் பூஞ்சைத் தொற்று இருப்பவர்களுக்கு ஆகாது. அப்புறம் சுவை? மெழுகைச் சப்பியது போல.