ஊட்டியா, கொடைக்கானலா: இருட்டிய பிறகு எங்கே?

விடிய விடிய ஆட்டம் போட நினைப்பவர்களுக்கு இரண்டு ஊருமே ஒத்துவராது. குளிரில் நண்பர்களோடு உட்கார்ந்து பேசத்தான் இந்த மலைகள்.

ஊட்டியில் சேரிங் கிராஸ், கமர்ஷியல் ரோடு பக்கம் பொழுது சாய்ந்த பிறகும் ஆள் நடமாட்டம் இருக்கும். சூடான டீயில் வர்க்கியை நனைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். அடுக்கு அடுக்காக ஊறிவிடும். கொஞ்சம் தாமதித்தால் கிளாஸுக்குள் விழுந்துவிடும். ஓட்டல் பார்களும் உண்டு.

டாஸ்மாக் இரண்டு ஊரிலும் பகல் 12 முதல் இரவு 10 வரைதான், வயது 21 ஆகியிருக்க வேண்டும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கிடைக்கும் திட்டம் 2022-இல் நீலகிரியில்தான் தொடங்கியது. காட்டில் கிடக்கும் கண்ணாடி யானையின் பாதத்தைக் கிழிக்கும். தயவுசெய்து வீசாதீர்கள். அப்புறம், மைசூர் பக்கம் திரும்புபவர்கள் கவனிக்க: பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6-க்குத்தான் திறப்பார்கள்.

கொடைக்கானல் சீக்கிரமே அடங்கிவிடும். ஏழு ரோடு சந்திப்பில் ஒரு பிரெட் ஆம்லெட், ஏரிக்கரையில் கொஞ்சம் நடை, அவ்வளவுதான். ஆனால் மேகம் விலகிய இரவில் அந்த வானம்! பகல் வானமும் தெளிவுதான்; 1899-லேயே இங்கே சூரிய ஆய்வகம் வைத்தார்கள் என்பது சும்மாவா?

கூட்டமாகப் போனால் ஊட்டி. இருவர் மட்டும் என்றால் நான் கொடைக்கானலைத்தான் சொல்வேன், ஸ்வெட்டரை மறக்காமல்.