ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி 2048எஸ்பியைத் தலையில் கட்டிவிட்டார்கள்: ₹8,500 போச்சு

பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு கார்டுக்காக யுபிஐயில் ₹8,500 அனுப்பி இன்றோடு பதினோரு நாள். இன்று காலை அதை விற்ற கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய கம்ப்யூட்டர் பாகங்களை மொத்தமாக எடுத்து, துடைத்து, ஆன்லைனிலும் கூரியரிலும் விற்கும் கடை. விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: "ஆர்எக்ஸ் 580, 8ஜிபி, 7 நாள் டெஸ்டிங் வாரண்டி, ₹8,500."

இந்தப் பெயரில்தான் சிக்கலே. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் இரண்டு கார்டுகள் இருக்கின்றன. ஒன்று, சிப் நிறுவனமான ஏஎம்டி 2017 ஏப்ரலில் வெளியிட்டது. அதில் 2304 ஸ்ட்ரீம் ப்ராசசர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள், ஷேடர் என்றும் சொல்வார்கள்), 144 டிஎம்யு (டெக்ஸ்சர் அலகுகள்). பூஸ்ட், அதாவது உச்ச வேகம், 1340 மெகாஹெர்ட்ஸ், மெமரி 8 ஜிபிபிஎஸ், பேண்ட்வித் நொடிக்கு 256 ஜிபி. இன்னொன்று, 2018 அக்டோபரில் சீனச் சந்தைக்காக அதே ஏஎம்டி இறக்கிய "ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி". இதில் ஸ்ட்ரீம் ப்ராசசர் 2048தான், டிஎம்யு 128. பூஸ்ட் 1284, மெமரி 7 ஜிபிபிஎஸ், பேண்ட்வித் 224. ஒரு படி கீழே உள்ள ஆர்எக்ஸ் 570-லும் இதே 2048, இதே 128, இதே 224. பூஸ்ட் மட்டும் 1244-லிருந்து 1284 ஆகியிருக்கிறது. அதாவது 570-க்கு 580 என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கணக்குத் திறனைப் பார்த்தால் அசல் கார்டு சுமார் 6.17 டெராஃப்ளாப்ஸ், இது சுமார் 5.26. ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. 2048எஸ்பி கெட்ட கார்டு என்று சொல்லவில்லை. 570 விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். "2048எஸ்பி" என்ற அந்த வாலை மறைத்து 580 விலைக்கு விற்பதுதான் அயோக்கியத்தனம்.

இது தெரிந்துதான் முதல் மெசேஜிலேயே நேராகக் கேட்டேன்: "2304-ஆ, 2048-ஆ?" ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. "ஃபுல் 580 சார். 2048 நம்மகிட்ட கிடையவே கிடையாது." கூடவே ஜிபியு-இசட் (கார்டின் விவரங்களைக் காட்டும் மென்பொருள்) ஸ்கிரீன்ஷாட். பெரிதாக்கிப் பார்த்தால் ஷேடர்ஸ் 2304, டிஎம்யு 144, பேண்ட்வித் 256, டிவைஸ் ஐடியில் (சிப்பின் அடையாளக் குறியீடு) 67டிஎஃப். ஓர் எண்கூடத் தப்பாக இல்லை. பின்னாலேயே ஒரு வாய்ஸ் நோட்: "கடை வச்சு நடத்துறோம் சார், ஓடியா போயிடுவோம்? நம்பி அனுப்புங்க." அந்த இடத்தில்தான் ₹8,500 போனது.

ஸ்கிரீன்ஷாட் உண்மையானதுதான். ஆனால் அது எந்தக் கார்டின் ஸ்கிரீன்ஷாட் என்பதற்கு அதில் ஒரு அத்தாட்சியும் இல்லை. ஜிபியு-இசட் கார்டின் சீரியல் நம்பரைக் காட்டாது. கடையில் நல்ல 580 ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு தடவை படம் எடுத்தால் போதும், அதையே நூறு பேருக்கு அனுப்பலாம்.

பார்சல் வந்ததும் பிசியில் மாட்டி ஜிபியு-இசட் திறந்தால் ஷேடர்ஸ் 2048, டிஎம்யு 128, டிவைஸ் ஐடி 6எஃப்டிஎஃப். பவரை அணைத்து, கார்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் "ஆர்எக்ஸ் 580 8ஜி" என்று புத்தம்புது வெள்ளை ஸ்டிக்கர். மற்ற இடமெல்லாம் மங்கிப் போயிருக்க, அது மட்டும் பளிச்சென்று இருந்தது. ஓரத்தை நகத்தால் நெம்பியதும் அடியில் பழுப்பேறிய பழைய ஸ்டிக்கர். அதில் தெளிவாக "2048எஸ்பி". தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. மறைக்க வேண்டும் என்றே மேலே ஒட்டியிருக்கிறார்கள்.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் நாள், "டிரைவரை அழிச்சுட்டுப் புதுசா போடுங்க சார்." இரண்டாம் நாள், "உங்க மதர்போர்டு பழசு, அதான் கம்மியா காட்டுது." இது பச்சைப் பொய். பழைய போர்டு என்றால் பிசிஐஇ (கார்டு மாட்டும் ஸ்லாட்) வேகம் குறையும், அது ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் வரியில் தெரியும். ஷேடர் எண்ணிக்கை சிப்பில் உள்ளது. மதர்போர்டு மாற்றினாலும் டிரைவர் மாற்றினாலும் 2304 இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு ஆகாது. மூன்றாம் நாள், "ஓனர் ஊருக்குப் போயிருக்காரு, வந்ததும் பேசச் சொல்றேன்." அதற்கப்புறம் மூன்று நாள் போனே எடுக்கவில்லை. எட்டாம் நாள் தானாகவே கூப்பிட்டு, "7 நாள் வாரண்டி முடிஞ்சிடுச்சே சார், ஸ்டிக்கர் வேற பிரிச்சிருக்கீங்க" என்கிறார். நாளைக் கடத்தியதே இதற்காகத்தான். ₹8,500-ல் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. பில்லில் வெறும் "ஆர்எக்ஸ் 580 8ஜிபி" என்றுதான் போட்டிருக்கிறார்கள், அதையும் இப்போது தங்களுக்குச் சாதகமாகக் காட்டுகிறார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். வீடியோ கேளுங்கள். கார்டின் சீரியல் நம்பரில் தொடங்கி, அதை மாட்டி, பிசி ஆன் ஆகி, ஜிபியு-இசட் திறக்கும் வரை வெட்டில்லாத ஒரே வீடியோ. தயங்கினால் விட்டுவிடுங்கள்.

பெயரைப் பார்க்காதீர்கள், ஷேடர்ஸ் வரியைப் பாருங்கள். 580 என்று விற்கும் கார்டில் டிவைஸ் ஐடி 6எஃப்டிஎஃப் என்றால் அது 2048எஸ்பி. 67டிஎஃப் என்றாலும் உடனே நம்ப வேண்டாம், 470, 480, 570 எல்லாவற்றிலும் அதே ஐடிதான். பேண்ட்வித்தையும் தனியாக நம்ப வேண்டாம், மெமரி வேகத்தைக் கார்டின் பயாஸில் (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றி 256 காட்டலாம்.

பில்லில் "2304 ஷேடர், சீரியல் நம்பர் இன்னது" என்று எழுதி வாங்குங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். தப்பு தெரிந்தால் அன்றைக்கே மெசேஜில் எழுத்தாகப் போடுங்கள், போனில் பேசிக்கொண்டு நாளை விடாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் பதிவு செய்தாகிவிட்டது. ஸ்டிக்கர் படம், சாட், வாய்ஸ் நோட் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ₹5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் கிடையாது.

நேற்று இரவு அந்த விளம்பரம் மறுபடி மேலே வந்திருக்கிறது. அதே 2304 ஸ்கிரீன்ஷாட், அதே ₹8,500.