கம்பெனி பெட்டியா, வெளிப் பெட்டியா? பைக் ஸ்பேர் வாங்கும்முன்

‘ஒரிஜினலா, லோக்கலா?’ என்று ஸ்பேர் கடையில் கேட்பார்கள். அலமாரியில் இருப்பது மூன்று ரகம். வண்டிக் கம்பெனி முத்திரை போட்ட பெட்டி ஒன்று. அந்தக் கம்பெனிக்குச் சப்ளை செய்பவரே தன் பெயரில் விற்பது இன்னொன்று. யார் செய்தது என்றே தெரியாத சரக்கு மூன்றாவது. இரண்டாவதையும் மூன்றாவதையும் ‘லோக்கல்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் பணமும் வீண், வண்டியும் வீண்.

செயின், பிரேக் ஷூ, மீட்டர் போன்றவற்றை வண்டிக் கம்பெனிகள் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. கோவை எல்.ஜி.பி.யின் ரோலான் செயின் புது வண்டியிலும் ஏறுகிறது, கடையிலும் தொங்குகிறது. கார் கம்பெனிகள் இப்படிப்பட்ட பாகங்களை வெளிச்சந்தைக்கு வரவிடாமல் தடுத்த வழக்கில், 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

செயின் ஸ்ப்ராக்கெட்டுக்கு இரண்டாவது ரகமே போதும். ஆனால் முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். கொக்கிபோல் வளைந்த பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே நீண்டுவிடும். மாற்றும் நேரம் வந்ததா என்பதை அளந்தே சொல்லலாம். 428 என்ற சைஸ் செயினில் ஒரு கண்ணிக்கு 12.7 மி.மீ.; இழுத்துப் பிடித்து 20 கண்ணி அளந்தால் 254 மி.மீ. வரவேண்டும். 259-ஐத் தாண்டினால் ஆயுள் முடிந்தது. பேர் தெரியாத செயினில் கண்ணிகளைக் கோக்கும் ஊசியும் (பின்) அதைச் சுற்றிய குழலும் (புஷ்) சரியாகக் கடினப்படுத்தப்பட்டிருக்காது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் விறைப்பாகவும் ஓரிடத்தில் தொளதொளவென்றும் இருக்கும். தொளதொள இடத்தைப் பார்த்து டைட் வைத்தால், விறைப்பான இடம் வரும்போதெல்லாம் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங் அடிவாங்கும்.

பிரேக் ஷூவில் மூன்றாம் ரகம் வேண்டவே வேண்டாம். அதன்மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங் சூட்டில் கண்ணாடிபோல் பளபளத்துப் பிடிமானம் இழக்கும். பசை விட்டு லைனிங் உரிந்து டிரம்முக்குள் சிக்கினால் ஓடும் சக்கரமே பூட்டிக்கொள்ளும். கடினமான லைனிங் டிரம்மிலும் வரிவரியாகக் கோடு போடும். டிரம் தேய அனுமதித்த அதிகபட்ச உள்விட்டம் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் உள்ளேயே பொறித்திருக்கும்; 130 மி.மீ. டிரம்முக்கு வழக்கமாக 131. அதைத் தாண்டினால் ஷூ மாற்றிப் பயனில்லை.

ஏர் ஃபில்டருக்குக் கம்பெனிப் பெட்டிதான். காகிதத்தைவிட அதன் ரப்பர் விளிம்பே முக்கியம். அது சரியாக உட்காராவிட்டால் தூசி ஓரமாக நுழைந்து பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் தேய்க்கும். ஃபில்டரில் மிச்சம்பிடித்த காசு என்ஜினைப் பிரிக்கும் செலவுக்குக் காணாது.

ஃபுட்ரெஸ்ட் ரப்பர், சீட் கவரெல்லாம் எந்த ரகமானாலும் சரி.

கம்பெனிப் பெட்டியிலும் போலி உண்டு. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து எடை, வார்ப்பு, துளை இடைவெளி எல்லாம் ஒப்பிடுங்கள். பெட்டியில் பார்ட் நம்பரும் விலையும் அழியாத அச்சில் இருக்க வேண்டும். விலைமேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துப் பாருங்கள். வாரண்டி முடியாத வண்டிக்குக் கம்பெனிப் பாகமே போட்டு, பார்ட் நம்பர் எழுதிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.