காசு போட்டால் ஆடும் பொம்மையில் பிள்ளையை ஏற்றும் முன் அதன் பிளக்கைப் பாருங்கள்

சூப்பர் மார்க்கெட், ஜவுளிக்கடை வாசல்களில் ஜீப், குதிரை, யானை என்று காசு போட்டால் ஆடும் பொம்மைகள் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அப்படி ஒன்றில் என் நாலு வயது மகளுக்கு கரண்ட் அடித்துவிட்டது. திருச்சியில் ஒரு பெரிய கடை வாசலில் நடந்தது. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

மழை விட்ட நேரம், வாசல் டைல்ஸ் எல்லாம் ஈரம். செருப்பைக் கழற்றிவிட்டு ஜீப்பில் ஏறினாள். பத்து ரூபாய் காயின் போட்டேன், நன்றாக ஆடியது, நின்றது. வினை இறங்கும்போதுதான் வந்தது. ஒரு கால் ஈரத் தரையில், கை இன்னும் ஸ்டியரிங் கம்பியில். "அப்பா, எறும்பு கடிக்குது!" என்று கத்தினாள். எறும்பைத் தட்டிவிடக் குனிந்த எனக்கும் அந்தக் கம்பியில் கை பட்டதும் முழங்கை வரை சுர்ரென்று ஏறியது. அவளை வாரித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடவுள் புண்ணியத்தில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வாட்ச்மேனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "மழைக்காலத்துல லேசா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். அப்படியென்றால் முன்பே தெரிந்திருக்கிறது! ஸ்விட்சை அணைக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒயர் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குப் போகிறது. த்ரீ பின் பிளக்கில் மேலே இருக்க வேண்டிய தடித்த எர்த் பின்னை அறுத்து எடுத்திருக்கிறார்கள், இரண்டு ஓட்டை பாக்ஸில் செருகுவதற்காக. அறுத்த இடம் பளபளவென்று தெரிந்தது.

வயரிங் வேலை பார்க்கும் என் தம்பியிடம் அந்தப் போட்டோவைக் காட்டினேன். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன். பொம்மையின் உடம்பு ஃபைபர், அதில் கரண்ட் பாயாது. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம், ஸ்டியரிங் கம்பி, காசுப்பெட்டிக் கதவு, கால் வைக்கும் இடத்து போல்ட் எல்லாம் உலோகம். மோட்டார் இன்சுலேஷன் பழசாகியோ ஈரம் புகுந்தோ கரண்ட் கசிந்தால் அது இந்தச் சட்டத்துக்குத்தான் வரும். எர்த் இருந்தால் அந்த வழியாகத் தரைக்குப் போய்விடும். எர்த் பின்னை அறுத்துவிட்டால், தொடுகிற பிள்ளை வழியாகத்தான் போகும். உட்கார்ந்து ஆடும்போது ஒன்றும் தெரியாமல், ஏறும்போதும் இறங்கும்போதும் அடிப்பது அதனால்தான். அப்போதுதான் ஒரு கால் தரையில் இருக்கிறது.

"எம்சிபி போட்டிருக்கோம், ஷாக் அடிச்சா விழுந்துடும்" என்று சூப்பர்வைசர் அடித்துச் சொன்னார். தவறு. எம்சிபி என்பது லோடு அதிகமானால் தானே அணையும் ஸ்விட்ச். 6 ஆம்பியர் எம்சிபி அதற்கு மேல் லோடு ஏறினால்தான் விழும். 6 ஆம்பியர் என்பது 6,000 மில்லி ஆம்பியர். மனித உடம்புக்கோ 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே ஆபத்து. இந்தக் கசிவைக் கண்டு துண்டிப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்ற இன்னொரு வகை ஸ்விட்ச்தான். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும். அந்தக் கடையில் அந்த லைனுக்கு ஆர்சிசிபியே கிடையாது.

எனக்கு ஆத்திரம் வந்தது இதற்குப் பிறகு நடந்ததில்தான். மெஷின் கடைக்காரருடையது இல்லையாம். வெளி ஆள் ஒருவர் கொண்டுவந்து வைத்திருக்கிறார், அவ்வப்போது வந்து பெட்டியைத் திறந்து காசை எடுத்துக்கொண்டு கடைக்கு ஒரு பங்கு கொடுக்கிறார். அவருக்கு போன் போட்டால், "இடம் அவங்களது, கரண்ட் அவங்களது. பின்னை அறுத்ததும் அவங்க ஆளுதான்" என்கிறார். காசில் மட்டும் இருவருக்கும் பங்கு. கடைசியில் சூப்பர்வைசர், "வேணும்னா அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தந்துடறோம் சார்" என்றார். நான் வாங்கவில்லை. மறுவாரம் போய்ப் பார்த்தால் அதே பிளக், அதே ஜீப், அதில் வேறொரு குழந்தை. புதிதாக ஒன்றே ஒன்று: 'விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஒரு ஸ்டிக்கர். அந்தக் குழந்தையின் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி இறக்கிவிட்டுத்தான் வந்தேன்.

அந்த ஸ்டிக்கரைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய சேவையில் குறைபாடு இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாம். தாங்களே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வதால் அவர்கள் பொறுப்பு போய்விடாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருடம் அவகாசம் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்தும் புகார் பதியலாம். நான் அங்கே பதிந்துவிட்டு, மின் ஆய்வாளர் அலுவலகத்துக்கும் போட்டோவோடு எழுதியிருக்கிறேன். இந்த மெஷின்கள் பில் தராது. அதனால் அன்றைய கடை பில், பிளக்கின் போட்டோ, மெஷின் ஓடும் வீடியோ மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், பிறகு பிளக்கை மாற்றிவிடுவார்கள்.

ஏற்றுவதற்கு முன் ஒயர் போகும் இடத்தைப் பாருங்கள். டேப் சுற்றிய ஒயர், எர்த் பின் இல்லாத பிளக், ஈரத் தரை, இதில் ஒன்று இருந்தாலும் பிள்ளை எவ்வளவு அழுதாலும் வேண்டாம். பின் இருந்தாலும் சுவருக்குள் எர்த் ஒயர் இருக்கிறதா என்பது வெளியே தெரியாது, ஆகவே வெறுங்காலோடு ஏற்றாதீர்கள். ஆடும் உடம்புக்கும் அடிப்பெட்டிக்கும் நடுவில் விரல் போகிற இடைவெளி இருக்கும், அங்கே கையோ காலோ சிக்காமல் பக்கத்திலேயே நில்லுங்கள். எந்தப் பிள்ளைக்காவது ஷாக் அடித்துக் கை ஒட்டிக்கொண்டால் வெறுங்கையால் இழுக்காதீர்கள், முதலில் ஸ்விட்சை அணையுங்கள், அப்புறம் 108.

திருச்சிக்காரர்கள் யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தால் நீங்களும் 1915-இல் பதியுங்கள். ஒரே கடை மீது இரண்டு மூன்று புகார் சேர்ந்தால் "மழைக்கு அப்படித்தான்" என்று அவர்களால் சொல்ல முடியாது.